கசிவு கலங்கினால் ஏன் ஆபத்து?

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரையின் வெளிச்சரிவு அடியில் ஈரம் தெரிந்ததும் பதற வேண்டாம். வருவது தெளிந்த நீரா, கலங்கலா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

கலங்கல் என்றால் நீர் கரை மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது. இந்த அரிப்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் தொடங்கி, நீர்ப்பக்கம் நோக்கிக் குடைந்து போகும். துளை அகல அகல நீர் வேகமெடுக்கும், மண் இன்னும் கரையும். 1976 ஜூன் 5 காலையில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையில் கலங்கல் கசிவு பெருகியது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. அத்தனைக்கும் அது புத்தம்புது அணை!

சிறிய அணைக்கு இந்த அச்சம் இல்லையா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கெல்லி பார்ன்ஸ் அணையின் உயரம் சுமார் 12 மீட்டர்தான். 1977 நவம்பர் 6 பின்னிரவில், மழைக்குப் பின் உடைந்து 39 உயிர்களைக் கொண்டுபோனது.

கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்கத்தான் கை பரபரக்கும். கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி நீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சரளை பரப்ப வேண்டும்: நீர் வெளியேறும், மண் தங்கும்.

கரையில் மரமும் வேண்டாம். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால், அது இருந்த இடம் நீருக்கு வழியாகிவிடும். மண்ணைப் பிடிக்கப் புல்லே போதும். எலி வளையும் அதில் சட்டென்று கண்ணில் படும்.