வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பழைய பத்து வீல் டிப்பர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றி நிறையப் பேசுவார்கள். டயர் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பார்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கிறது என்பார்கள். பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், எப்படி என்று கேட்டால் மட்டும் ‘அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு’ என்று ஒரு பதில் வரும். அடியில் குனிந்து பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் குனியவே வேண்டாம். வண்டியைக் காலியாக, சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எடைமேடையோ, சிமென்ட் தளம் போட்ட பங்க்கோ இதற்கு நல்ல இடம். எல்லா டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். பின்னால் இருபது அடி தள்ளிப்போய் நின்று பாடியின் கீழ்விளிம்பைப் பாருங்கள், பிறகு முன்னால் வந்து பம்பரைப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் கண்ணோடு விட்டுவிடாமல், டேப்பைப் பிடித்து ஹப்பின் நடுவிலிருந்து சேஸின் அடிவிளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டீசல் டேங்க்கும் பேட்டரியும் இருக்கும் பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. வித்தியாசம் ஒரு அங்குலத்தைத் தாண்டினால் காரணம் தேடாமல் வண்டியை விடக் கூடாது.

இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் டேப் உங்களை ஏமாற்றும். அங்கேதான் ரப்பர் ஸ்டாப்பரைப் பார்க்க வேண்டும். சேஸுக்கு அடியில், ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கும் அந்த ரப்பர் கட்டை எப்போதாவது ஒரு பெரிய பள்ளத்தில்தான் அடி வாங்க வேண்டும். அதன் முகம் நசுங்கி, பளபளவென்று தேய்ந்து, ஓரம் பிய்ந்திருந்தால் அந்த வண்டி தினமும் ஸ்டாப்பரில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். பட்டை தன் வேலையை விட்டு வெகுநாளாயிற்று. பட்டையின் வளைவைப் பார்த்தும் இதைச் சொல்லலாம். ஆனால் புது மாடல்களில் வரும் இரண்டு, மூன்று பட்டை மட்டுமே கொண்ட பாரபாலிக் செட், காலி வண்டியிலேயே ஏறக்குறைய நேராகத் தெரியும். அதனால் வளைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இப்போது குனியலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுக் குனியுங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ் போதும். சேற்றைத் தட்டிவிட்டு இரண்டு நிறங்களைத் தேடுங்கள்: ஒன்று செந்துரு, இன்னொன்று பளபளப்பு. பட்டையின் மேல் முழுக்க மெல்லிய துரு இருப்பதில் தவறில்லை. ஒரே இடத்தில், பட்டையின் ஓரத்திலிருந்து கோடு மாதிரி செந்துரு வழிந்திருந்தால் அங்கே விரிசல் இருக்கக்கூடும். விரிசலுக்குள் தண்ணீர் போய், வண்டி ஆடும்போது துருப்பொடியை வெளியே தள்ளுகிறது. பளபளப்பு வேறு செய்தி. இரும்பும் இரும்பும் உரசுகிற இடம்தான் மினுங்கும். யு-போல்ட் நட்டின் அடியிலும், பட்டை ஆக்சில் சீட்டில் உட்காரும் இடத்திலும் பளபளப்பு தெரிந்தால், அசையவே கூடாத இடம் அசைந்துகொண்டிருக்கிறது.

இந்த யு-போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். பட்டை ‘கட்’ ஆனதும் ‘கம்பெனி பட்டை சரியில்லை’ என்று ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். பெரும்பாலான நேரத்தில் குற்றவாளி, கடைசியாக எப்போது முறுக்கினோம் என்று யாருக்கும் நினைவில்லாத அந்த நான்கு நட்டுகள்தான். பட்டைச் செட்டின் நடுவில் சென்டர் போல்ட்டுக்காக ஒரு துளை இருக்கிறது. பட்டையிலேயே பலவீனமான இடம் அது. யு-போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அந்த நடுப்பகுதி வளைவதே இல்லை. வளைவதெல்லாம் இரண்டு பக்கக் கைகள்தான், துளைக்கு வேலை கிடையாது. நட்டு கொஞ்சம் தளர்ந்தால் நடுப்பகுதியும் சேர்ந்து வளையத் தொடங்கும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதுதான் அங்கே நடக்கிறது. ஒரு பள்ளத்துக்கு ஒரு மடக்கு.

அதனால் பட்டை உடைந்தால், எந்த இடத்தில் உடைந்தது என்று பார்க்காமல் பழைய இரும்பில் தூக்கிப் போடாதீர்கள். சென்டர் போல்ட் துளை வழியாக உடைந்திருந்தால் யு-போல்ட் தளர்ந்திருந்தது என்று நினைக்கலாம். யு-போல்ட்டுக்கு வெளியே, கையின் நடுவில் உடைந்திருந்தால் பெரும்பாலும் அதிக லோடு, இல்லாவிட்டால் பழைய துருக்குழி. கண்ணுக்குப் பக்கத்தில், பின் நுழையும் சுருளை ஒட்டி உடைந்திருந்தால் புஷ்ஷையும் ஷேக்கிளையும் சந்தேகப்பட வேண்டும். உடைந்த முகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் நகத்தின் வடிவில் கறுத்து, துருப்பிடித்து, வழவழப்பாக ஒரு பகுதி இருக்கும். மீதி முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரை போட்டதுபோல் புதிதாக மினுங்கும். கறுத்த பகுதி பல நாளாக மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல். மினுங்குகிற பகுதிதான் நேற்று உடைந்தது. கறுப்பு எவ்வளவு அகலமோ, அவ்வளவு நாள் அது நம் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

பட்டை வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் தவறாமல் விடும் ஒரு காரியம் உண்டு. புது செட் உட்கார்ந்ததும் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து, யு-போல்ட்டின் பிடி குறையும். அதனால் முதல் லோடு அடித்த பிறகோ, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளோ பட்டறைக்கு மறுபடி போய் முறுக்கிக்கொள்ள வேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்து முறுக்கக் கூடாது, வண்டியின் எடை பட்டையில் இருக்க வேண்டும். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். குழாயை மாட்டி ஏறி நின்று மிதிப்பது அளவாகாது. கழற்றிய யு-போல்ட்டை மறுபடி மாட்டுவதும் வேண்டாம். ஒருமுறை நீண்ட மரை முன்புபோல் பிடிக்காது.

அடுத்தது பின், புஷ், ஷேக்கிள். சேஸை ஜாக்கி போட்டுச் சற்றே தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, பட்டையின் கண்ணுக்கும் ஹேங்கருக்கும் நடுவில் கடப்பாரையை நுழைத்து நெம்புங்கள். லேசான அசைவு இருக்கலாம். ‘டக்’ என்று சத்தத்தோடு குதித்தால் புஷ் போய்விட்டது. கிரீஸ் நிப்பிள் இருக்கிற வண்டியில் அந்த நிப்பிளைத் துடைத்துப் பாருங்கள். காய்ந்த மண் மூடிக் கிடந்தால் கிரீஸ் உள்ளே போய் வெகுகாலம் ஆகிறது. இந்த இடத்தில் கழிவு ஆயில் தெளிக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிறீச் சத்தம் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் எண்ணெயில் தூசு ஒட்டிக்கொண்டு அரைக்கும், ரப்பர் புஷ் ஊறிக் கெடும், விரிசல் இருந்தால் கறுப்புப் பூச்சுக்குள் மறைந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

டிப்பரின் பின்பக்கம் போகி அமைப்பாக இருந்தால் பார்வை கொஞ்சம் மாற வேண்டும். அங்கே ஒரே பெரிய பட்டைச் செட்டின் நடுவில் சேஸின் பாரம் இறங்குகிறது, இரண்டு முனைகளும் இரண்டு ஆக்சில்களின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்திருப்பவை டார்க் ராடுகள். அவற்றின் ரப்பர் புஷ் பிதுங்கியோ கிழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கியர் போட்டு எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் ஒரு இடி விழுவதுபோல் சத்தம் கேட்டால் முதலில் அங்கேதான் போக வேண்டும். முனை உட்காரும் சீட்டில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் செலவுதான்.

ஆக்சில் நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் ஈரமில்லாத தளத்துக்கு நனைந்த டயரோடு நேராக ஓட்டி வரச் சொல்லுங்கள். பின் டயர்த் தடங்கள் முன் டயர்த் தடத்துக்கு இரு பக்கமும் சமமாக விழ வேண்டும். ஒரு பக்கமாக விலகி விழுந்தால் வண்டி நண்டு நடை நடக்கிறது. சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னுக்கு நகர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இரண்டு பக்கமும் அளந்தால் உறுதியாகிவிடும். டயரில் மேடும் குழியுமாகத் தேய்மானம் இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதன் உடம்பில் லேசான எண்ணெய்ப் படலம் பரவாயில்லை, ஈரமாக வழிந்தால் மாற்ற வேண்டும். நன்றாக ஓடிவந்து நின்றதும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தால், வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா தொங்குகிறது.

இனி, எல்லோரும் ஆசைப்படுகிற ‘எக்ஸ்ட்ரா பட்டை’. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் 21 ஆனது. பத்து வீல் வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. காகிதத்தில் எண் மாறியது. அதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து வந்த வண்டியின் பட்டை மாறவில்லை. குவாரியில் அதற்கும் மேலே ஏற்றுகிறார்கள் என்பது ஊரறிந்தது. பட்டை தாங்கவில்லை என்றதும் இன்னும் ஒன்றிரண்டைச் செருகுகிறார்கள். வண்டி நிமிர்ந்துவிடும். பட்டை விழுங்க வேண்டிய அடி இனி சேஸுக்கும் ஆக்சிலுக்கும் டயருக்கும் போகும். சில மாதம் கழித்து ஹேங்கர் பக்கத்தில் சேஸில் கீறல் விடும்போது யாருக்கும் அந்தப் பட்டை நினைவுக்கு வராது.

பிரேக்கிலும் இது கை வைக்கிறது. பல வண்டிகளில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு உண்டு. சேஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு கம்பி மூலம் பார்த்து, லோடு எவ்வளவு என்று அது கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்து வண்டி இறங்கியிருந்தால், காலி வண்டியையே லோடு வண்டி என்று நினைத்துப் பின் சக்கரத்துக்கு அதிகக் காற்று அனுப்பும். மழையில் அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் தலைகீழ். முழு லோடிலும் வண்டி நிமிர்ந்தே நிற்பதால் பின் பிரேக்குக்குக் குறைவாகக் கொடுக்கும். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்குகிறவருக்கு இதன் பொருள் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் எந்த மாற்றம் செய்தாலும் அந்த வால்வை மறுபடி அளவு வைக்க வேண்டும்.

உடைந்த பட்டையை வெல்டு வைப்பதும், காஸ் வைத்துக் காய்ச்சி வளைவு ஏற்றுவதும் இன்னும் நடக்கிறது. பட்டையின் பலம் அதன் பதத்தில் இருக்கிறது. சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், வெல்டை ஒட்டிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறும். மொத்தப் பட்டையையும் உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதம் ஏற்றத் தெரிந்த பட்டறை என்றால் சரி. மற்ற எதையும் பழுதுபார்த்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிப்பர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கப் பட்டை தளர்ந்த வண்டி சாலையில் ஓடிவிடும். ஜல்லி கொட்டப் பாடியைத் தூக்கும்போதுதான் அது கொல்லும். பாடி மேலே போகப் போகப் பாரம் உயரத்துக்குப் போகிறது. அடியில் ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது, தரையும் மேடுபள்ளம், ஈர எம்-சாண்ட் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் போதும், வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். பக்கத்தில் நின்று சைகை காட்டிக்கொண்டிருப்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

எஃப்.சி.யில் பார்த்திருப்பார்களே என்று இருந்துவிட வேண்டாம். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. பட்டையில் விழும் விரிசல் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காது. வாரம் ஒருநாள் காலையில், லோடுக்குப் போகும் முன், டிரைவரும் கிளீனருமாக டார்ச்சோடு பத்து நிமிடம் அடியில் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளியாக இருந்தால் நீங்களும் கூடப் போய்க் குனியுங்கள். ஒரு பட்டை கட் ஆகியிருந்தாலும், இந்த ஒரு டிரிப் மட்டும் போய் வந்துவிடலாம் என்று டிரைவரை அனுப்பாதீர்கள்.