அடைக்கலக் குருவி

மக்கள் வாழும் மனையையே தன் மனையாகக் கொண்டு வாழும் காட்டுப் பறவைகள் மிகச் சில. அவற்றுள் முதலிடம் பெறுவது சிட்டுக்குருவி. கோழியும் புறாவும் போல மனிதன் பிடித்துப் பழக்கி வளர்த்த பறவையன்று இது. தானே விரும்பி அவனை அண்டி வந்தது. இவ்வியல்பு பற்றியே தமிழர் இதனை 'அடைக்கலக் குருவி' என வழங்கினர். சிங்கள மக்கள் வழங்கும் 'கே குருல்லா' என்னும் பெயரும் வீட்டுக் குருவி என்றே பொருள்படும்.

இவ்வுறவு மிகப் பழையது. குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் மாமலாடனார் காட்டும் குருவி, முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, பொதுவிடத்து எருப்புழுதியில் ஆடி, வீட்டுக் கூரையின் இடுக்கிலே குஞ்சுகளோடு தங்குகின்றது. தலைவனைப் பிரிந்தாளின் மாலைத் துயரைக் கூறவந்த பாட்டு இது. எனினும், உணவு, புழுதி, ஒதுக்கிடம் என அப்பறவைக்கு வேண்டிய மூன்றும் ஒருங்கே அதன்கண் அமைந்துள்ளன. அந்நூலின் 85ஆம் பாட்டில், சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனும் இடம் அமைக்க ஆண்குருவி கரும்பின் பூவைக் கோதுகின்றது. கூட்டிற்கு இடந்தேர்ந்து பணியைத் தொடங்குவது பெரும்பாலும் ஆண்குருவியே என்பது இக்காலப் பறவைநூலார்க்கும் உடன்பாடு.

குருவி வீட்டை நாடுவதேன்? மரங்கொத்தி போலப் பொந்து குடையும் வலிமை அதன் அலகுக்கு இல்லை. தூக்கணாங்குருவி போல நெய்யும் ஆற்றலும் இல்லை. ஆதலின் ஏற்கெனவே அமைந்த துளையையும் இடுக்கையும் அது தேடுகின்றது. ஓட்டுக் கூரையும் சுவர்த் துளையும் அதற்கு ஏற்ற இடங்களாயின. இலங்கையில் வீட்டுத் தாழ்வாரங்களிலே மண்முட்டிகளைத் தொங்கவிட்டுக் குருவிக்கு இடமளிக்கும் வழக்கமும் உண்டு. குருவி கூடு கட்டுதல் மனைக்கு நன்மை தரும் என்பது மக்கள் நம்பிக்கை.

பேடை 3 முதல் 5 வரையான முட்டைகளை இடும். 11 முதல் 14 நாள்களுள் அவை பொரிக்கும். பின்னர் ஏறக்குறைய இரு வாரங்களிற் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறும். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் தானியம் உண்பனவாயினும், இளங்குஞ்சுக்குப் பெரிதும் ஊட்டுவன புழுபூச்சிகளையே. எனவே, தானியம் மலிந்த ஊரிலும் பூச்சி அற்றுப்போயிற் குஞ்சு பிழைத்தல் அரிது.

இன்று பல நகரங்களிற் குருவி அருகியுள்ளது. பிரித்தானியாவில் இது 2002ஆம் ஆண்டிலே பெரிதும் குறைந்துவரும் பறவைகளின் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொள்ளப்படுகின்றது. 2012இல் டெல்லி அரசு இதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. கைத்தொலைபேசிக் கோபுரங்களே இக்குறைவுக்குக் காரணம் என்பர் பலர். அஃது ஐயமற நிறுவப்படவில்லை. கண்கூடான காரணங்கள் வேறு உள. இடுக்கில்லாத சீமெந்துக் கூரை ஒதுக்கிடத்தை நீக்கிற்று. கல் பதித்த முற்றம் புழுதியை மறைத்தது. பூச்சிமருந்து குஞ்சின் உணவைக் கெடுத்தது. நெல் காய்ந்த முற்றங்களும் அருகின. பழம்புலவர் பாட்டில் ஒருங்கே நின்றவை இவ்வாறு ஒவ்வொன்றாய் விலகின. இம்மாற்றங்களுள் எதுவும் குருவியின்மேற் கொண்ட பகையால் நேர்ந்ததன்று. மனையை அமைத்தோர் அதனை நினையாமையே அதற்குக் கேடாயிற்று.

அடைக்கலம் என்பது உள்ளத்து இரக்கத்தால் மட்டும் அமைவதன்று. அதற்கு இடமும் வேண்டும். பூனைக்கு எட்டாத உயரத்தில், ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் அகலத் துளையுடைய ஒரு பெட்டியோ மண்முட்டியோ, மருந்து தெளியாத சிறு தோட்டம், மூடப்படாத ஒருபிடி மண் என்பன எவ்வீட்டிற்கும் அரியன அல்ல. அவை உள்ளவரை அப்பறவையின் பெயர் பொருளுடைய பெயராய் நிலைக்கும்.