இரண்டு கிணறு, ஒரே ஊற்று

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கட அல்சேசன் பெட்டைக்கு இரண்டு வயசு. குட்டி தந்தவரே இப்ப அதின்ர தாயின்ர தகப்பனோட சேர்க்கச் சொல்லுறார். அது சாம்பியன் நாயாம். இது இன்பிறீடிங் இல்லை, லைன்பிறீடிங், பயப்பிட ஒண்டுமில்லை எண்டும் சொல்லுறார். சரியோ?"

பயப்பட இருக்கிறது. எவ்வளவு என்பதையும் கணக்காகவே சொல்லலாம்.

தகப்பனோடு மகளை, தாயோடு மகனை, கூடப்பிறந்ததோடு கூடப்பிறந்ததைச் சேர்த்தால் இன்பிறீடிங், அதாவது உட்கலப்பு என்பார்கள். பெயர்பெற்ற ஒரு மூதாதை கொடிவழியில் இரண்டு மூன்று இடத்தில் வரும்படி சற்றுத் தள்ளிச் சேர்த்தால் லைன்பிறீடிங். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். தூரம் கூடினால் வேகம் குறையும், அவ்வளவே.

ஒவ்வொரு குட்டியையும் இரண்டு கிணறு உள்ள வளவாக நினையுங்கள். தகப்பன் வழிக் கிணறு ஒன்று, தாய் வழிக் கிணறு ஒன்று. ஒன்று உவராகிப் போனாலும் மற்றதில் அள்ளிக் குடிக்கலாம். பின்னிடைவான குறைபாடுகள் தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமல் கிடப்பது இதனால்தான். ஆனால் எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே வேலி போட்டுப் பிரித்தாலும் கீழே நீர் பிரிவதில்லை. நவக்கிரி நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீரில் அது கதையாகவே இருக்கட்டும். நாயின் கொடிவழியில் அது உண்மையாகவே நடக்கிறது. எத்தனைக்கு ஒரு தரம் என்றும் சொல்லிவிடலாம்.

அந்தச் சாம்பியன் கடுவனிடம் ஒரு பரம்பரையலகின் கெட்ட பிரதி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள். அது மகளுக்குப் போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. பேத்தி வரை வந்திருக்க நான்கில் ஒன்று. பேத்தி அதைத் தன் குட்டிக்குக் கடத்த எட்டில் ஒன்று. இது தாய்க் கிணறு. தகப்பன் கிணற்றில் அதே கடுவன் நேரே போடுகிறது, இரண்டில் ஒன்று. இரண்டு பழமும் ஒரே குட்டியில் மிதக்கப் பதினாறில் ஒன்று. சின்ன எண்தான். ஆனால் ஒரு நாயிடம் ஒளிந்திருப்பது ஒன்றோடு நிற்பதில்லை. ஐந்து இருந்தால், ஒரு குட்டி அவற்றில் ஏதாவது ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம்.

கடுவனிடம் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் இரண்டு பிரதி இருக்கிறது. எது வேண்டுமானாலும் இரட்டிக்கலாம். ஆகவே நல்லது கெட்டது பாராமல் பார்த்தால் பதினாறில் இரண்டு, அதாவது 12.5 சதவீதம். அமெரிக்க மரபியலாளர் சியூவல் றைற் 1922 இல் தந்த உட்கலப்புக் குணகம் என்பது இதுதான். தமிழ்நாட்டில் தாய்மாமனைக் கட்டும் வழக்கத்திலும் இதே எட்டில் ஒன்று வரும். மச்சான் மச்சாள் கலியாணத்தில் அதில் பாதி.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது: கொடிவழிப் பத்திரத்தில் கடைசி வரியில் நிற்கும் நாய்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்பது. பல பெடிகிரிப் பத்திரங்கள் மூன்று நான்கு தலைமுறையோடு நின்றுவிடுகின்றன. 2021 இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 227 இனங்களைச் சேர்ந்த நாய்களின் டி.என்.ஏ.யையே எடுத்துப் பார்த்தபோது, சராசரிக் குணகம் 25 சதவீதமளவில் இருந்தது. உறவில்லாத பெற்றோருக்குப் பிறந்த அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் வரும் எண் அது. கோப்பாய்ப் பெட்டையின் குட்டிகளுக்கு வரும் 12.5, ஏற்கெனவே உவர் கலந்த நீரின்மேல்தான் ஏறப்போகிறது. அடியில் 25 என்றால், இரண்டும் சேர்ந்து 34 ஐத் தாண்டும்.

வரலாற்றில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் றொபேட் பேக்வெல் செம்மறிகளை நெருங்கிய உறவுக்குள் சேர்த்துப் பேரெடுத்தார். 1899 இல் ஸ்ரெபனிற்ஸ் என்பவர் ஹொரான்ட் என்ற ஒரு கடுவனை முதலாவதாகப் பதிந்து ஜேர்மன் ஷெப்பேட் இனத்தைத் தொடங்கினார். எங்கள் அல்சேசன் அதுதான்.

அந்த இனத்தில் ஒரு குறைபாட்டைக் கிட்ட நின்று பார்ப்போம். குட்டி மற்றக் குட்டிகளைப் போலவே பிறக்கும், பால் குடிக்கும். சில வாரங்களில் வளர்ச்சி பின்தங்கும். கூடப்பிறந்தவை பெரிய நாயாகும்போது இது குட்டி மயிரோடே நிற்கும். பிறகு அந்த மென்மயிரும் கொட்டி, தோல் கறுக்கும். கபச்சுரப்பி வேலை செய்யாததால் வரும் குள்ளம் இது. இதோடு தொடர்புள்ள மாற்றத்தை 2011 இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் ஆய்வாளர்கள் ஒரு பரம்பரையலகில் கண்டுபிடித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் ஏழெழுத்துத் தொடரில் ஒன்று குறைந்திருந்தது. தாயும் தகப்பனும் முழு ஆரோக்கியமாக, கண்காட்சியில் பரிசு வாங்கும் தோற்றத்தில் இருக்கலாம். உட்கலப்பு இந்தக் குறையை உண்டாக்குவதில்லை, ஒளிந்திருந்ததை இரட்டித்து வெளியே கொண்டுவருகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதன் மறுபக்கம். சாம்பியனைத் திரும்பப் பெறத்தானே இந்தச் சேர்க்கை? அந்தக் கடுவனின் வலு, அதன் இரண்டு கிணற்றிலும் வேறுவேறு நீர் இருந்ததனாலும் வந்திருக்கலாம். இரட்டிப்பதால் கிடைப்பது அதன் ஒரு பாதி மட்டும், அதுவும் எந்தப் பாதி என்று யாராலும் தெரிவுசெய்ய முடியாது. "சாம்பியன் இரத்தம்" என்று விலை சொல்லுபவர்கள் சொல்லாமல் விடுவது இதை.

ஒரே கிணற்றில் எல்லோரும் பம்பு போட்டு இறைத்தால் கீழே கிடக்கும் கடல்நீர் மேலேறும். ஒரே கடுவனை எல்லோரும் தேடுவதும் அப்படித்தான். முழு நிலமும் உவரான பின் அதே வளவில் புதுக் கிணறு வெட்டிப் பயனில்லை, மழைதான் பெய்யவேண்டும், அதாவது வெளி இனத்திலிருந்து இரத்தம் வரவேண்டும். டல்மேசன் இனத்தில் யூரிக் அமிலத்தைக் கையாளும் பரம்பரையலகின் நல்ல பிரதி அடியோடு அற்றுப்போயிருந்தது. அதனால் சிறுநீரில் கல். இனத்துக்குள் எந்தச் சோடியாலும் இதைத் திருத்த வழியில்லை. 1973 இல் அமெரிக்காவில் றொபேட் ஷைபிள் என்பவர் ஒரேயொரு தரம் பொயின்ரர் நாயோடு கலந்து, பின் தலைமுறைகளை டல்மேசனோடே சேர்த்து வந்தார். புள்ளியும் உருவமும் திரும்பின, நல்ல பிரதியும் தங்கியது. அந்த வழிநாய்களை அமெரிக்கக் கெனல் கழகம் நிலையாக ஏற்றுக்கொண்டது 2011 இல்தான். கடதாசித் தூய்மைக்காகப் பல தலைமுறை நாய்கள் வலியில் கிடந்ததை நினைக்க மனம் ஆறவில்லை.

கோப்பாய் வாசகருக்கு: இந்தச் சோடி வேண்டாம். அந்தக் கடுவனில் பிடித்தது அதன் முதுகா, நடையா, குணமா என்று பாருங்கள். அதே இயல்புள்ள, ஆனால் ஐந்து தலைமுறையிலும் பொதுப் பெயர் இல்லாத வேறு கடுவனைத் தேடுங்கள். அதன் முந்திய ஈத்துக் குட்டிகளை, முடிந்தால் இரண்டு மூன்று வயதானவற்றை, நேரில் போய்ப் பாருங்கள். டி.என்.ஏ. சோதனைத் தாளில் "குறையில்லை" என்றிருந்தால், சோதித்த நோய்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கடுவன்காரருக்கு ஒரு குட்டி கொடுப்பதென்று ஏற்கெனவே பேசியிருந்தாலும் அதற்காக அவசரப்பட வேண்டாம். பெட்டைக்கு அடுத்த பருவம் ஆறேழு மாதத்தில் வரும்.