பனியாறு எவ்வளவு கரைந்தது? அளப்பது எப்படி?

'2035-க்குள் இமயமலைப் பனி முழுவதும் காணாமல் போய்விடும்' என்ற செய்தி உங்கள் கைபேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். இது யாரோ வீட்டில் உட்கார்ந்து கிளப்பிய வதந்தி அல்ல. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2007-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருந்தது. போதிய ஆதாரமின்றிச் சேர்க்கப்பட்ட வரி அது என்பதை 2010 ஜனவரியில் அக்குழுவே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இப்படியொரு பிழை எப்படி நுழைந்தது? சரிபார்த்தவர்களின் கவனக்குறைவு ஒரு காரணம். இமயமலையில் நேரில் ஏறி அளக்கப்பட்ட பனியாறுகள் மிகச் சிலவே என்பது இன்னொரு காரணம்.

அந்தச் சிலவற்றில் ஒன்று, இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்திலுள்ள சோட்டா ஷிக்ரி. சுமார் 9 கிலோமீட்டர் நீளம். இதன் அடிமுனையே கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உருகும் நீர் சந்திரா ஆற்றில் சேர்ந்து, பிறகு செனாப் ஆகிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 முதல் இங்கே அளந்து வருகிறார்கள்.

அளக்கும் முறை நம் வீட்டு வரவு செலவுக் கணக்குப் போன்றதுதான். விழும் பனி வரவு, உருகுவது செலவு. பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்கி வைக்கிறார்கள். கோடை முடிந்து, செப்டம்பர் இறுதி வாக்கில் போய்ப் பார்க்கும்போது கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பனி போய்விட்டது என்று பொருள். மேல்பகுதியில் பனி சேரும் இடத்தில் குழி தோண்டி, அந்த ஆண்டுப் பனியின் ஆழத்தை அளந்து எடை போடுகிறார்கள். புதுப் பனி பஞ்சு போன்றது. கெட்டிப் பனிக்கட்டியோ கனமானது. அதனால் இரண்டையும் நீரின் அளவாக மாற்றித்தான் கூட்டிக் கழிக்க முடியும்.

சில ஆண்டுகளில் வரவு மிஞ்சியதும் உண்டு. ஆனால் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்குச் சமமான பனி குறைகிறது. இருபது ஆண்டுகளுக்கு அது பத்து மீட்டர். மூன்று மாடி வீட்டின் உயரம்.

'அன்றும் இன்றும்' என்று இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பல இமயமலைப் பனியாறுகளின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும். முனை பெரிதாகப் பின்வாங்காமல், உடல் மட்டும் மெலிந்துகொண்டே போகும். படத்தில் அது தெரியாது.

எல்லாப் பனியாற்றிலும் கழி நட முடியாது. உலகில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பனியாறுகள் உள்ளன. டெர்ரா செயற்கைக்கோள் இரு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து அவற்றின் உயர மாற்றம் கணக்கிடப்பட்டது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் இழப்பு. வானிலிருந்து எடுக்கும் கணக்கைச் சரிபார்க்கவும் தரையிலுள்ள கழிகள் வேண்டும்.

உருகிய நீர் சில இடங்களில் பனியாற்றின் முன்னாலேயே ஏரியாகத் தேங்கிவிடும். அங்கே கணக்கு வைத்திருந்தால் மட்டும் போதாது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பல பத்தாண்டுகளாகப் பெரிதாகி வந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அது உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2021-லேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் ஏரிக்கரையில் வானிலைக் கருவியும் கேமராவும் வைக்கப்பட்டன. அடுத்த மாதம், அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, கரையின் ஒரு பகுதி சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலை ஏரியை உடைத்தது. வெள்ளம் சுங்தாங்கிலிருந்த தீஸ்தா-3 அணையை அடித்துச் சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலரைக் காணவில்லை. ஏரி உடைந்தால் கீழேயுள்ள ஊர்களுக்குத் தானாகவே எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அப்போது முழுமை பெற்றிருக்கவில்லை.