அபிங்டனுக்குத் திரும்பிய கார்

1950-இல் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவான எம்.ஜி. கார் ஒன்று, 2023-இல் அகமதாபாத்திலிருந்து கிளம்பித் தான் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் லால் பரி.

இவ்வளவு பழைய வண்டியை நெடும்பயணத்துக்குத் தயார்செய்வது பெரிய வேலை. முதல் எதிரி சூடு. சித்திரை வெயிலில் புதுக்கோட்டை–திருச்சி சாலையில் ஓட்டிப் பார்த்தாலே போதும். ரேடியேட்டரில் உப்பு படிந்திருந்தால் இன்ஜின் கொதிக்கும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஆகவே ரேடியேட்டரைச் சுத்தம்செய்து, பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயை விட்டுத் தள்ளிப் பொருத்துவார்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் ரப்பர் குழாய்களையும் மாற்றியே ஆகவேண்டும். பளபளக்கும் பெயின்ட்டைவிட இதுதான் முக்கியம். ஃபேன் பெல்ட்டும், இக்னிஷனுக்கான பாயின்ட்டும் கண்டென்சரும் உதிரியாகக் கையில் இருக்கவேண்டும். பல நாட்டு எல்லைகளைக் கடக்க, வண்டிக்கென்றே கார்னே என்ற சுங்க ஆவணமும் தேவை.

எல்லாம் செய்தும் வழியில் ஏதாவது உடையும். 1907-இல் பீக்கிங்–பாரிஸ் பந்தயத்தில் இத்தாலிய இளவரசர் போர்கேசேயின் காரில் மரச்சக்கரம் உடைந்தது. ரஷ்யக் கிராமத் தச்சர் ஒருவர் கோடாலியைக் கொண்டே புதுச்சக்கரம் செதுக்கிக் கொடுத்தார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அந்தக் கார்தான் முதலில் பாரிஸை அடைந்தது.