பிக்கப் வாகனத்திற்கு நல்ல ஒயில் பில்டரைத் தெரிவு செய்வது எப்படி?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்திற்கு வீடு ஓரிடம், தோட்டம் வேறிடம், சந்தை இன்னோரிடம். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் இன்றும் குத்தகைக் காணியில் பயிர் செய்வோர் உளர். காணி விடுவிக்கப்பட்ட பின்னரும், பிள்ளைகளின் படிப்பை எண்ணி இருந்த ஊரிலேயே தங்கி, நாளாந்தம் தோட்டத்திற்குப் போய் வருவோரும் உளர். விதை வெங்காயம், பசளை, தண்ணீர்ப் பம்பி, மரக்கறி மூடை எல்லாவற்றையும் இவர்களுக்குச் சுமந்து கொடுப்பது பெரும்பாலும் ஒரு பழைய பிக்கப் வாகனமே. இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் சேர்த்து வாங்கிய வாகனங்களும் இவற்றுள் அடங்கும்.

அந்த எஞ்சின் பழுதானால் இன்னொன்று வாங்குவது இலகுவல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. 2025 தொடக்கத்தில் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தாலும் வரிச்சுமை பெரிது. ஆகவே கையிலுள்ள எஞ்சினைக் காப்பதே புத்தி. அதைக் காக்கும் பொருட்களுள் மிக மலிவானது ஒயில் பில்டர். பெட்டியின் அழகையும் விலையையும் மட்டும் பார்த்து அதை வாங்காமல், பொருத்தத்தையும் உள்ளமைப்பையும் பார்த்து வாங்குவது எப்படி என்பதை இங்கு விளக்குகிறோம்.

பில்டர் செய்யும் வேலை

எஞ்சினின் அடியிலுள்ள சம்பிலிருந்து ஒயிலை ஒயில் பம்ப் உறிஞ்சிப் பில்டருக்கு அனுப்புகிறது. பில்டரின் அடித்தட்டில் வட்டமாக உள்ள சிறு துவாரங்களால் ஒயில் உள்ளே போகிறது. மடிப்பு மடிப்பான கடதாசியினூடாக வடிந்து, நடுக்குழாயை அடைந்து, மரையுள்ள நடுத்துவாரத்தால் வெளியேறுகிறது. பின்னரே கிராங் தண்டு, கம் தண்டு, டர்போ ஆகியவற்றுக்குச் செல்கிறது. கிணற்று நீரைத் துணியில் வடித்துப் பானையில் விடுவதை ஒத்த வேலை இது.

கிராங் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையில் நிற்கும் ஒயில் படலம் சில மைக்ரோன் தடிப்பே உடையது. ஒரு மில்லிமீற்றரை 1000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். எமது தலைமயிர் சுமார் 70 மைக்ரோன். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியே பெயரிங்கைக் கீறப் போதுமானது. வலிகாமத்துச் செம்மண் புழுதி, டீசல் கரி, எஞ்சினில் தேயும் உலோகத் துகள் ஆகிய மூன்றையும் பிடித்து வைப்பது பில்டரின் கடமை. காற்று வடிகட்டியில் ஓட்டை இருந்தால் எந்த நல்ல ஒயில் பில்டரும் ஈடு கொடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

உள்ளே இருப்பவை

1. வடிகட்டும் கடதாசி. மடிப்புகள் சீராகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பரப்பு கூடினால் அழுக்கைத் தாங்கும் அளவும் கூடும்.

2. திரும்பி வடிதலைத் தடுக்கும் றப்பர் வால்வு. எஞ்சின் நின்றதும் பில்டரிலுள்ள ஒயில் சம்புக்கு இறங்கிவிடாமல் இது தடுக்கும். மலிவான றப்பர் எஞ்சின் சூட்டில் விறைத்து விடும். சிலிக்கோன் றப்பர் நீடித்து உழைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் சில வினாடி கடகடத்து, ஒயில் விளக்கும் தாமதித்து அணைந்தால் முதலில் இந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

3. மாற்றுவழி வால்வு. கடதாசி அடைபட்டால் அல்லது ஒயில் மிகத் தடித்திருந்தால் இது திறந்து, வடிக்காத ஒயிலையேனும் எஞ்சினுக்கு விடும். ஒயிலே இல்லாமற் போவதை விட அழுக்கு ஒயில் மேல் என்பதே இதன் நியாயம். இதன் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும். புதுப் பில்டர் பூட்டியும் பயன் இராது. சில எஞ்சின்களில் இந்த வால்வு பில்டருக்குள் இராது, எஞ்சின் உடலிலேயே இருக்கும்.

4. நடுக்குழாயும் வெளிக்கலனும். குழாய் மெலிதானால் அமுக்கத்தில் நசியும். கலன் மெலிதானால் வீங்கும்.

முதலில் பொருத்தம்

"மரை ஏறினால் சரி" என்ற எண்ணம் ஆபத்தானது. பில்டர்களில் அதிகம் காணப்படும் இரண்டு மரை அளவுகளுள் ஒன்று முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். மற்றையது 20 மில்லிமீற்றர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பெரிய மரையுள்ள பில்டர் சிறிய தண்டில் தளர்வாக ஏறி நிற்கக்கூடும். ஓட்டத்தில் கழன்றால் ஒயில் முழுவதும் வீதியில்.

மரை, றப்பர் வளையத்தின் விட்டம், உயரம், மாற்றுவழி வால்வு திறக்கும் அமுக்கம் யாவும் பொருந்த வேண்டும். ஆகவே "ஹைலக்ஸுக்கு ஒன்று தாருங்கள்" என்று கேட்பது போதாது. ஒரே பெயரில் பல எஞ்சின்கள் வந்துள்ளன. எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தின் ஆண்டையும் எழுதிக்கொண்டு போய், கடைக்காரரிடம் உள்ள உதிரிப்பாகப் பட்டியலில் ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய எஞ்சினை மாற்றிப் பூட்டிய வாகனமானால், பூட்டப்பட்டுள்ள எஞ்சினின் இலக்கமே கணக்கு. டீசல் பில்டரும் ஒயில் பில்டரும் உருவத்தில் ஒத்திருக்கலாம். ஒன்றின் இடத்தில் மற்றையதைப் பூட்டக்கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறந்து பில்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

• பெட்டியிலுள்ள இலக்கமும் கலனில் அச்சிட்ட இலக்கமும் ஒன்றா? அச்சு தெளிவானதா, விரல் பட அழிகிறதா?

• அடித்தட்டின் துவாரங்களில் பிசிறு உண்டா? அந்தப் பிசிறு உடைந்தால் நேரே ஒயிலில் கலக்கும்.

• றப்பர் வளையம் தன் பள்ளத்தில் இறுக அமர்ந்துள்ளதா?

• நடுத்துவாரத்தால் வெளிச்சத்தில் பார்க்கும்போது உட்பகுதி நேராக நிற்கிறதா?

• குலுக்கினால் உள்ளே ஏதும் ஆடுகிறதா?

டென்சோ, மான், சகூரா, விஐசி போன்றவை பெயர் பெற்ற தயாரிப்புகள். ஆனால் பெயர் பெற்ற தயாரிப்புகளுக்கே போலிகளும் அதிகம். வழமையான விலையை விட மிகக் குறைவாகத் தந்தால் எச்சரிக்கை தேவை. பெட்டியில் ஐஎஸ்ஓ 9001 என்றிருந்தால் அது தொழிற்சாலையின் நிர்வாக ஒழுங்குக்கான சான்றிதழ். பில்டர் எவ்வளவு தூசியைப் பிடிக்கும் என்பதைச் சொல்வதல்ல. பில்டரையே சோதிக்கும் நியமம் ஐஎஸ்ஓ 4548. பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குவதே எல்லாவற்றிலும் நல்ல காப்பு.

கழுவிப் பாவிக்கலாமா?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைப்பட்டன. பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இல்லாமையிலும் வாகனத்தை ஓட வைத்த எமது மெக்கானிக்குகளின் கைத்திறன் போற்றத்தக்கது. ஆனால் கடதாசி பில்டரைக் கழுவிப் பூட்டும் யோசனையை இன்று கைவிட வேண்டும். நுண்துளைகளில் இறுகிய கரி கழுவலில் போகாது. கடதாசியும் பசையும் பலமிழந்து கிழியும். கிழிந்த பில்டர், பில்டர் இல்லாததற்குச் சமம்.

மாற்றும் முறை

ஒயிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் பில்டரையும் மாற்றுங்கள். கால எல்லையைக் கைநூல் கூறும். புழுதிப் பாதை, அதிக பாரம், எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தும் குறுகிய ஓட்டம் ஆகியன கடும் பாவனையாகக் கொள்ளப்படும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் வாகனத்துக்கு இவை மூன்றுமே பொருந்தும். ஆகவே குறித்த தூரத்திற்கு முன்னரே மாற்ற வேண்டும்.

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் றப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினில் ஒட்டியிருக்கப் புதியதைப் பூட்டினால் ஒயில் பீறிடும். புது வளையத்தில் சிறிது ஒயில் தடவி, வளையம் தொட்ட பின் பெட்டியில் கூறிய அளவு, பொதுவாக முக்கால் சுற்று, கையால் இறுக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். நிறுத்திச் சில நிமிடங்களின் பின் ஒயில் மட்டத்தை அளந்து, குறைவை நிரப்புங்கள்.

கழற்றிய பில்டர் ஒரு பரிசோதனை அறிக்கை. தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் அதைத் திறந்து கடதாசியை விரியுங்கள். மடிப்பு நசிந்தோ பசை விட்டோ இருந்தால் அந்தத் தயாரிப்பை மீண்டும் வாங்க வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் செப்பு நிறத்தில் மினுங்குவது பெயரிங் தேய்வதன் அடையாளமாகலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாதீர்கள். எமது குடிநீர் சுண்ணக்கல் நிலத்தின் கீழ் இருக்கிறது. மேலே ஊற்றுவது இலகுவாகக் கீழே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது குறித்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டதை மறவோம். பில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு, ஒயிலை மூடிய கலனில் சேர்த்துக் கழிவு ஒயில் வாங்குவோரிடம் கொடுங்கள்.

கூட்டு வாகனத்திற்கு ஒரு கொப்பி

பலர் ஓட்டும் வாகனத்தில் "மற்றவர் மாற்றியிருப்பார்" என்ற நினைப்பே எஞ்சினுக்கு எமன். ஒரு சிறிய கொப்பியை வாகனத்திலேயே வையுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், பில்டரின் பெயரும் இலக்கமும், மாற்றியவர் பெயர் என்பவற்றை எழுதி, பற்றுச்சீட்டையும் அதில் ஒட்டுங்கள். ஒவ்வொரு சந்தை வருமானத்திலும் சிறு தொகையை இதற்கென ஒதுக்குங்கள். ஒயிலின் விலையோடு பார்க்கும்போது பில்டரின் விலை சிறிதே. பெயரிங் உருகிக் கிராங் தண்டைக் கடைந்து எடுக்க நேர்ந்தால், வெங்காயம் விற்ற காசு கராஜிலேயே போய்விடும். அறுவடை நாட்களில் வாடகை வாகனத்திற்கும் காத்திருக்க வேண்டியிருக்கும்.