லூப் போட்டும் அகப்படாத கோளாறு

கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டால் நம்ம குரலே திரும்பி வரும். லூப்பேக் டெஸ்ட்டும் அவ்வளவுதான் நண்பர்களே. அனுப்புகிற ஜோடியையும் வாங்குகிற ஜோடியையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால், போன பிட்டுகள் அப்படியே திரும்ப வேண்டும். வராவிட்டால் கோளாறு நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவில். இதை ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். ஆனால் விஷயம் புரிந்தது, இன்பிளான்ட் டிரெயினிங்கில் டி. கல்லுப்பட்டிக்குப் போனபோதுதான்.

அங்கே ஓர் அலுவலகத்துக்கு மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக 2 மெகாபிட் லைன். நாம் படித்த அதே இ1: 32 டைம்ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 பிட், ஆக 256 பிட்டில் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 8000 ஃபிரேம். லைன் சாகவில்லை, தடுக்கித் தடுக்கி ஓடியது. கவுண்டரில் பென்ஷனுக்கு வந்த பெரியவர்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள்.

"பக்கத்திலிருந்து ஆரம்பி தம்பி" என்றார் டெக்னீஷியன் அண்ணன். டெஸ்டரை மாட்டி 32,767 பிட் பேட்டர்னை அனுப்பினோம். எங்கள் மோடத்திலேயே லூப்: பிழை 0. போனில் சொல்லி, திருமங்கலத்தில் எங்களைப் பார்த்து லூப்: 0. (அமெரிக்க டி1 லைனில் 00001 என்று தொடர்ந்து அனுப்பினால் எதிர்முனைக் கருவி தானே லூப் ஆகிவிடும். எங்களுக்குப் போன்தான்!) கடைசியாக மதுரையில் லூப் போட்டுக் கால் மணி நேரம் பார்த்தோம். அதுவும் 0. லூப்பை எடுத்து ரூட்டரை மாட்டினால், பழைய கதைதான்.

எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் கேட்டார்: "லூப்புல யார் க்ளாக் ஓடுது?"

அங்கேதான் சூட்சுமம். டெஸ்டர் தன் க்ளாக்கில் அனுப்புகிறது, சுற்றி வருவதும் அதே க்ளாக்தான். இரண்டு முனையிலும் இரண்டு க்ளாக் இருந்தால் வரும் சண்டை லூப்பில் தெரியவே தெரியாது. பார்த்தால், இரண்டு ரூட்டரிலும் 'இன்டர்னல்' என்று வைத்திருக்கிறார்கள்! கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால் வினாடிக்கு 2 பிட் சொச்சம் விலகும், 125 வினாடிக்கு ஒரு ஃபிரேம் நழுவும். 50 பங்கு என்றால் இரண்டரை வினாடிக்கு ஒன்று. இதற்குத்தான் ஸ்லிப் என்று பெயர். கல்லுப்பட்டி ரூட்டரை மட்டும், லைனில் வருகிற க்ளாக்கை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம்.

எதற்கும் இருக்கட்டும் என்று மதுரையில் இன்னொரு தரம் லூப் போடச் சொல்லி டெஸ்ட் எடுத்தோம். பிறகு ரூட்டரை மாட்டினால் விளக்கெல்லாம் பச்சை, ஆனால் ஒரு பாக்கெட்கூடப் போய்ச் சேரவில்லை. அரை மணி நேரம் முழித்தோம். லூப்பை எடுக்கச் சொல்லவே இல்லை. மறந்தவன் நான்தான். ரூட்டர் தன் குரலையே கேட்டுப் பச்சை காட்டியிருக்கிறது. மறுபடி மதுரைக்குப் போன் போட்டு லூப்பை எடுத்த பிறகுதான் கவுண்டர் வரிசை நகர்ந்தது.